தராசில் ஏறாத பொரி

நான் பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிறவன். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டையாக எடுத்து வந்து, நிறம் பிரித்து, மெஷின் துடைக்கிறவர்களுக்கும் பஞ்சாலைக்கும் அனுப்புவது தொழில். எல்லாமே எடைக் கணக்கு. எடை என்று வந்துவிட்டால் மூட்டைக்கு நடுவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், நனைந்த அட்டையைச் செருகியிருப்பார்கள். அதனால் எந்த மூட்டை வந்தாலும் முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் தராசில் ஏற்றுவேன். திருப்பூரில் என்னை மரியாதையாக "காதர் பாய்" என்பார்கள். நான் நகர்ந்த பிறகு "கைவிடுற பாய்" என்பார்களாம். காதில் விழுந்தது. தப்பாகத் தோன்றவில்லை.

கையை விட்டுப் பார்த்தவன் காலைப் பார்க்காமல் விட்டேன்.

அது எண்பதுகளின் கடைசி. குடோனில் வேஸ்ட் குவியல் மேல் வெறுங்காலோடு ஏறி மிதித்துத்தான் மூட்டை கட்டுவோம். துணியோடு உடைந்த தையல் ஊசியும் வரும், குத்தும், பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவிவிட்டு வந்தால், என் மனைவி ஜமீலா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாசலில் இருந்து சமையலறை வரை வலது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு வலிக்கவே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

வலிக்கவில்லை. நல்லதுதானே என்று நினைத்தேன். வலிக்காமல் இருப்பதுதான் வியாதி என்று யாருக்குத் தெரியும்? மஞ்சள் பற்றுப் போட்டேன், குடோனுக்குப் போனேன். பெருவிரல் வீங்கியது, பிறகு நுனி கறுத்தது. நாற்றம் வந்த பிறகுதான் ஜமீலாவின் தம்பி அன்வர் என்னைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான்.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மாடியில் வார்டு. டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் வேகமானவர். காலைத் தொட்டார், ஒரு பஞ்சால் பாதத்தை வருடி "தெரியுதுங்களா?" என்றார். பஞ்சை எடுத்துவிட்டார் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். அவர் வருடிக்கொண்டுதான் இருந்தாராம். சர்க்கரை ரத்தத்தில் ரொம்ப நாளாக மிஞ்சிக் கிடந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், புண்ணும் ஆறாது என்று சொன்னார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான்.

விஷயம் இதுதான். விரல் நுனி செத்துவிட்டது. அதை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சர்க்கரை இறங்காமல் கத்தி வைத்தால் வெட்டின இடமே ஆறாது. இறங்குவதற்குள் சீழ் மேலே ஏறினால் விரலோடு நிற்காது, பாதம் போகலாம், கணுக்காலும் போகலாம். ஆகவே ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டு, சர்க்கரை இறங்கக் காத்திருக்க வேண்டும். குவியல் மேல் ஏறுகிறவனுக்குக் கணுக்கால் போய்விட்டால் தொழில் எங்கே?

சாப்பாட்டுக்கு அளவு எழுதிக் கொடுத்தார். நடுவில் பசிக்குமே என்று ஜமீலா கேட்டாள்.

"லைட்டா ஏதாச்சும் எடுத்துக்கலாம். கலோரி கம்மியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கலோரி எனக்குப் புரியவில்லை. திருப்பூரில் எனக்குத் தெரிந்தது காலர்தான். நர்ஸம்மாவைக் கேட்டதற்கு, தின்கிற பண்டத்துக்குள் இருக்கிற சக்தியை அளக்கிற கணக்கு அது, எரிகிற விறகுக்குச் சூடு மாதிரி என்று சொன்னார். ஆனால் லைட் என்ற சொல் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் தொழிலில் அது தினமும் புழங்குகிற சொல். துணியில் லைட் என்றால் எடை குறைவு. சாயத்தில் லைட் என்றால் வெளிறிய நிறம். டாக்டரம்மா நம் ஊர்ப் பேச்சே பேசிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் அதன் பிறகு நான் சந்தோஷப்பட்டது குறைவு. கீழே மருந்துக்கடையில் சர்க்கரை நோயாளிக்கு என்றே ஒரு பிஸ்கட் வைத்திருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ளலாம் என்று கடைப்பையன் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிஸ்கட் கடை எதற்கு? பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருந்தது. போடுவதற்கு என்ன? நூறு சதவீதம் பருத்தி என்ற லேபிள்கள் எனக்கு வேஸ்டில் சரம் சரமாக வரும். அவை எந்தெந்தத் துணியோடு வந்தன என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்துப் பார்த்தேன். இனித்தது போலவும் இருந்தது, இனிக்காதது போலவும் இருந்தது. மீதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்ததையும் விடவில்லை. நம் ஊரில் நோயாளி என்றால் ரொட்டியும் பன்னும்தான். ரொட்டியை விரலால் அமுக்கினேன், கனமாக இருந்தது, தள்ளிவிட்டேன். ஆப்பிள் கனம். சத்து மாவு பாட்டில் எல்லாவற்றையும்விடக் கனம். கொண்டுவந்த முகங்கள் வாடின. எனக்கென்ன, கால் என்னுடையது.

வார்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டி, ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்காரர் தெற்கே திருநெல்வேலிப் பக்கம், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் தராசைப் பிடிக்கிற கை ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரிந்தது. கட்டைவிரல் தட்டில் படுகிறதா என்று பார்ப்பதே எனக்கு முதல் இரண்டு நாள் பொழுதுபோக்கு. படவில்லை. நான் பார்ப்பது தெரிந்து ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

ஜமீலா அந்தக் கடைக்குத்தான் போவாள். ஒவ்வொரு பண்டமாக எடுத்து ஜன்னலைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவாள். நான் உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டுவேன், எடை பார் என்று அர்த்தம். வேர்க்கடலையை எடுத்தாள். கையில் இருத்திப் பார்த்து, அவளே வைத்துவிட்டாள். முறுக்கு, எண்ணெய். வர்க்கி, நெய். கொய்யாப்பழம், கனமும் இனிப்பும் சேர்ந்தது. அவல், பரவாயில்லை, ஆனாலும் கனம். கடைசியில் கடை வாசலில் தொங்கிய பெரிய பொரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். காற்றடித்ததில் பாதி பறந்தது. நான் தலையை ஆட்டினேன். எடையிலும் லைட், நிறத்திலும் லைட். இதைவிட வேறென்ன வேண்டும்?

அண்ணாச்சியும் அதையேதான் சொன்னாராம். "பொரியா? அதுல என்னம்மா இருக்கு, வெறும் காத்துல்லா" என்று படியில் அளந்து, உடைத்த கடலையைக் கலந்து கொடுத்திருந்தார். ஆயுத பூஜைக்குக் கம்பெனி கம்பெனியாகத் தருவார்களே, அந்தக் கலவை. நான் கலவையைப் பார்த்ததும், கனமான கடலையைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று சொல்லி, ஜமீலாவை உட்கார்த்தி முறத்தில் புடைக்க வைத்தேன். கடலை ஒரு பக்கம், பொரி ஒரு பக்கம். கடலையை வீணாக்க மனமில்லாமல் அவள் அதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மூலனூர் பழனிச்சாமி அண்ணன். முருங்கைக்காய் சந்தைக்குப் போகிற விவசாயி. அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் காலில் புண். கடலையை வாங்கி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "பாய் ஊட்டுச் சீதனம்" என்று சிரிப்பார். பகலெல்லாம் பேசுவோம். சந்தையில் முருங்கைக் கட்டுக்குள் முற்றல் காயை எப்படி ஒளிப்பார்கள் என்று அவர் சொல்ல, மூட்டைக்குள் ஈரத்தை எப்படி ஒளிப்பார்கள் என்று நான் சொல்ல, வார்டே கேட்டுக்கொண்டிருக்கும். அவர் பேச்சை எனக்குப் பிடிக்கும். நாமக்கட்டி மாதிரி வெளுத்த ஒரு டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனால், "கொசுவு கடிச்சாக் கூடச் சொல்லீட்டுக் கடிக்குமுங்க" என்பார். மனுஷனை நம்பலாம் போலத்தான் இருந்தது. அதுவும் கொஞ்ச நாள்தான்.

அப்போதெல்லாம் சர்க்கரையைப் பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க மாட்டார்கள். தினமும் சிறுநீரைத்தான் பார்ப்பார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் சில சொட்டுச் சிறுநீர் சேர்த்து, விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் இன்னும் கொஞ்சம். ஆரஞ்சு என்றால் மோசம். செங்கல் நிறம் என்றால் அதற்கு மேல் சொல்ல நிறமில்லை. சாயப் பட்டறை ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா? சாய நிறங்களை வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டு மாதிரி பார்த்தவுடன் பிடித்துக்கொண்டேன்.

என்னுடையது செங்கல். ஊசியைக் கூட்டினார்கள். மறுபடி செங்கல். பழனிச்சாமி அண்ணனுடையது ஆரஞ்சில் இருந்து மஞ்சளுக்கு வந்து, பச்சைக்கு வந்தது.

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ரொட்டியைத் தொடவில்லை, பழத்தைத் தொடவில்லை, காற்றைத் தின்றுகொண்டு படுத்திருக்கிறேன். அவர் நான் தள்ளிய கடலையைத் தின்கிறார். அவருக்குப் பச்சை, எனக்குச் செங்கலா? எங்கோ கை வைக்கிறார்கள். முதலில் ஜமீலாவைச் சந்தேகப்பட்டேன், டீயில் பாசத்தில் ஒரு ஸ்பூன் போடுகிறாளோ என்று. டீயையே நிறுத்தினேன். பிறகு ஊசி மருந்தைச் சந்தேகப்பட்டேன், எனக்குத் தண்ணீரைப் போட்டுவிட்டு மருந்தை அவருக்குப் போடுகிறார்களோ என்று. கடைசியில் குழாய் மாறுகிறது என்று முடிவு செய்தேன். மாதிரி எடுக்கிற ஆயா இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில்தான் வைத்துக்கொண்டு போவார்.

அன்வரிடம் சொல்லிக் குடோனிலிருந்து பச்சை நூல் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். எங்களிடம் இல்லாத நிறமா? என் பாட்டில் கழுத்தில் நானே முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சை என்னால்தான் அவிழ்க்க முடியும். ஆயா, "ஏனுங்க பாய், இதென்ன தாயத்துங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாட்டில் போன வழியே, நூல் முடிச்சு மாறாமல், செங்கல் நிறக் குழாயோடு திரும்பி வந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா என் கால் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வீக்கம் பாதத்தின் மேல் பக்கம் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இறங்காவிட்டால் கணுக்காலுக்கு மேலே எடுப்பதற்குச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும் என்று ஜமீலாவைத் தனியே அழைத்துச் சொன்னார். ஜமீலா திரும்பி வந்து என் போர்வையைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது போர்வை. மறுபடியும் சரி செய்தாள். அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறேன், உங்கள் மருந்தில்தான் கோளாறு, இல்லாவிட்டால் அவருக்கு மட்டும் எப்படி இறங்குகிறது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பழனிச்சாமி அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கொண்ணும் தெரியாதுங்க டாக்டரம்மா. பாய் குடுக்கற கள்ளையத்தான் தின்னுட்டுக் கெடக்கறன்" என்றார்.

"கடலை குடுத்தீங்களா? அப்ப நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா.

நான் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினேன். அவர் குனிந்து துணிப்பையை இழுத்தார். தலையணை அளவுக்குப் பொரி. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். விடிந்ததும் ஒரு படி, பகலில் ஒரு படி, தூக்கம் வராவிட்டால் இன்னொரு படி என்று பெருமையாகவே சொன்னேன்.

"இது எதுலிருந்துங்க வருது பாய்?"

"அரிசிங்க."

"அப்பறம்?"

அதற்குப் பிறகு அவர் கோபப்படாமல் சொன்னார். பொரித்தால் அரிசி எங்கேயும் போய்விடாது, உள்ளே காற்றுப் புகுந்து உப்புகிறது, அவ்வளவுதான். அதுவும் வாயில் வைத்ததும் கரைவதால் சோற்றைவிடச் சீக்கிரமாகச் சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போகும். கடலை மெல்ல நேரமாகும், கரைய நேரமாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். லைட் என்று அவர் சொன்னது தின்கிறபோது இருக்கும் கனத்தை அல்ல, உள்ளே போய்ச் செய்கிற வேலையை.

எனக்கு அதுவும் சந்தேகம்தான். தன் மருந்தைக் காப்பாற்ற என் பொரி மேல் பழி போடுகிறாரோ? சாயந்திரமே அன்வரைக் குடோன் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு நாளைக்கு நான் தின்கிற மூன்று படிப் பொரியையும் மூட்டையாகக் கட்டி ஒரு தட்டில் வைத்தான். மறு தட்டில் ஜமீலா எனக்கு மூன்று வேளைக்கும் ஊற வைக்கிற அரிசியை வைத்தாள். பொரித் தட்டு இறங்கியது.

"மச்சான், ரெண்டு சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்க" என்றான் அன்வர்.

பஞ்சு அடிக்கிற மெஷினில் ஒரு சின்ன மூட்டை வேஸ்டைப் போட்டால் அறை நிறையப் பஞ்சு எழும்பும். பார்க்கிறவன் மலையென்று நினைப்பான். தராசில் வைத்தால் அதே மூட்டைதான். புதிதாக வாங்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். பொரியை மட்டும் எவனும் தராசில் வைப்பதில்லை, படியில்தான் அளக்கிறான். நானும் வைக்கவில்லை. எல்லாவற்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேனே, பொரி மூட்டைக்குள் ஜமீலா கையை விட்டபோதும் ஈரம் இருக்கிறதா என்றுதான் என் மனம் பார்த்தது.

மறுநாள் ஜமீலா கடைக்குப் போனதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வழக்கம்போல் உள்ளங்கையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அண்ணாச்சியிடம் நிதானமாகக் கேட்டுக் கேட்டு எடுத்தாள். என்ன எடுக்கிறாள் என்றே தெரியவில்லை. அந்த அரைமணி நேரம் எனக்கு ஆபரேஷன் தியேட்டரைவிட மோசம்.

வந்ததும் முந்தானையில் இருந்து எடுத்து வைத்தாள். உடைத்த கடலை, கையில் ஒரு பிடி அளவு. முளை கட்டப் பச்சைப் பயறு. பிஞ்சு வெள்ளரிக்காய். பழுக்காத கொய்யா ஒன்று, அதிலும் பாதிதான் என்றாள். மோருக்குக் கறிவேப்பிலை. வேர்க்கடலை நல்லது, ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம், எண்ணித்தான் தர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

"இதுல எது லைட்டு?" என்றேன் பழக்கத்தில்.

"எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க மெல்லுங்க, போதும்" என்றாள்.

மென்றேன். வெள்ளரிக்காயைக் கடித்தால் தண்ணீர்தான் வந்தது. இதில் பசி எப்படி அடங்கும் என்று சந்தேகமாக இருந்தது, அடங்கியது. பச்சைப் பயறு தொண்டையில் நின்றது. பழனிச்சாமி அண்ணன், கடலை வரத்து நின்றுவிட்டதே என்று வருத்தப்பட்டு, வீட்டிலிருந்து முருங்கைக்கீரை ரசம் வந்தபோது எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன். அண்ணனைச் சந்தேகப்பட்டேன் என்பதை அவரிடமே சொன்னேன். "நானுந்தானுங்க பாயி. பாய்க்கு எறங்காம எனக்கு எறங்குதே, எம்பட பாட்டல மாத்திப்போட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

குழாய் செங்கலில் இருந்து ஆரஞ்சுக்கு வந்தது. ஆரஞ்சில் அசையாமல் நின்றபோது ஜமீலா நோன்பு வைக்கிறேன் என்றாள். பிறகு மஞ்சள். ஒரு காலையில் நர்ஸம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், மாங்காய்ப் பச்சை. அந்தப் பச்சையில் அன்றைக்கு யாராவது எனக்கு ஒரு பனியன் தைத்துக் கொடுத்திருந்தால் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருப்பேன்.

வீக்கம் பாதத்தோடு நின்று, வடிந்தது. அதற்குள் பெருவிரல் முழுதும் போய்விட்டிருந்தது. அதை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சொன்னதற்கு மேல் வெட்டிவிடுவார்களோ என்று, மரத்துப்போன காலை அசைத்துப் பார்க்க முயன்றுகொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் ஜமீலா, "விரல் ஒண்ணுதாங்க. நான் பார்த்தேன்" என்றாள். கட்டுக்குள் எடுத்த விரல் அரித்தது. இல்லாத விரல் சில நாள் அரிக்கும், மூளைக்கு அது போனது தெரிய நேரமாகும் என்று நர்ஸம்மா சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் கட்டுப் பிரிக்கிற நாள் தலையைத் தூக்கி நானே பார்த்தேன். நான்கு விரல் இருந்தது. பாதம் இருந்தது. கணுக்கால் இருந்தது. டாக்டரம்மா, "எண்ணியாச்சுங்களா?" என்றார். எண்ணியாச்சு என்றேன். அதற்குப் பிறகு அழுதேன்.

எங்களில் உடம்பிலிருந்து எடுத்த உறுப்பைக் குப்பையில் போட மாட்டோம், அடக்கம் செய்வோம். அன்வர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டான். விரலுக்குத் தொழுகை கிடையாது, துணியில் சுற்றி மண்ணில் வைத்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்வர் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டுபோய்க் கபரஸ்தானில் வைத்துவிட்டு வந்தான். பிரித்துப் பார்த்தாயா, என் விரல்தானா என்று கேட்டேன். பார்த்தேன் மச்சான் என்றான். எங்கே வைத்தாய் என்றேன். கிழக்குச் சுவர் ஓரமாக, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்றான்.

புண் ஆறி, குச்சி இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அங்கே போனேன். வேப்பமரத்தடியில் நின்றேன். குழி வெட்டுகிற பெரியவர் மண்வெட்டியோடு வந்து யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். என் விரலைப் பார்க்க வந்தேன் என்று சொன்னதும், அது அங்கே இல்லை, வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது, நான்தானே குழி தோண்டினேன் என்று எதிர் மூலையைக் காட்டினார். அன்வர் சொன்னது ஒன்று, இவர் சொல்வது ஒன்று. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாசல் பக்கம் போய், அவர் காட்டிய இடத்திலும் அதே அளவு நேரம் நின்றேன்.

பெரியவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மீதிய இங்க கொண்டாந்து சேக்கறதுக்கு இன்னும் காலங் கெடக்குதுங்க பாய். வெயில் ஏறுது, போயிட்டு வாங்க" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன்.